பிள்ளை பெறச் சொல்லுகிறவர்கள் வளர்க்க வருவார்களா?

நமது நாட்டில் சமீப காலமாக ஒரு புதிய உபதேசம் கிளம்பி இருக்கிறது. அதாவது, ஜனங்கள் முன்போல் பிள்ளை பெறுவதில்லை என்றும், இனிமேல் கொஞ்சம் தாராளமாகப் பெறவேண்டும் என்றும் பெரிய மனிதர்கள் மேடையேறிச் சொல்ல ஆரம்பித்து விட்டார்கள். 2024ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஆந்திர முதல் மந்திரி திரு. சந்திரபாபு நாயுடு அவர்கள், கிழவர்கள் பெருகி வாலிபர்கள் குறைந்து வருவதால் அதிகப் பிள்ளை பெறவேண்டும் என்றார். அதே மாதத்தில் சென்னையில் அறநிலையத்துறையார் நடத்திய கலியாணங்களில் தமிழ்நாட்டு முதல் மந்திரி என்ற முறையில் பேசிய திரு. மு.க. ஸ்டாலின் அவர்கள், ஜனத்தொகை குறைந்தால் பார்லிமெண்டு ஸ்தானங்களும் குறையும் என்கிற நிலைமை வந்திருப்பதால், பதினாறு பிள்ளை பெறலாமோ என்று நினைக்கவேண்டி இருக்கிறதென்று வேடிக்கையாகச் சொன்னார். அவரே 2025 மார்ச்சு மாதத்தில் நாகப்பட்டினத்தில், வேடிக்கையாக அல்லாமல், புதிதாய்க் கலியாணமானவர்கள் உடனே பிள்ளை பெறவேண்டும் என்று சொல்லிவிட்டார். இதற்கு நடுவில் 2024 டிசம்பரில் நாகபுரியிலிருந்து ஆர்.எஸ்.எஸ். தலைவர் திரு. மோகன் பாகவத் அவர்கள், சமூகம் அழிந்து போகாமல் இருக்கக் குடும்பத்துக்கு மூன்று பிள்ளையாவது வேண்டும் என்றார்.

தோழர்களே, இதில் ஒரு விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். வேறெந்த விஷயத்திலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத கட்சிக்காரர்கள் எல்லாம் பெண்களுடைய வயிறு விஷயத்தில் மாத்திரம் ஒரே அபிப்பிராயத்துக்கு வந்து விட்டார்கள். ஒருவருக்குப் பார்லிமெண்டு ஸ்தானம் வேண்டும். ஒருவருக்குச் சமூகப் பெருக்கம் வேண்டும். ஒருவருக்கு வேலைக்கு வாலிபர்கள் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையைப் பத்து மாதம் சுமந்து, பெற்று, இருபத்திரண்டு வருஷம் சோறு போட்டுப் படிக்கவைக்க வேண்டியவளைக் கேட்டவர்கள் யார்? அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருவராவது பிரஸ்தாபித்தார்களா?

பார்லிமெண்டு ஸ்தான விஷயத்தில் தென்னாட்டாருக்கு உள்ள குறை நியாயமான குறைதான் என்பதை நாம் மறுக்கவில்லை. குடும்பத்தைக் கட்டுப்படுத்துங்கள் என்று டில்லி சர்க்கார் சொன்னபடி செய்தவனுக்குத் தண்டனையும், செய்யாதவனுக்கு வெகுமதியும் கொடுப்பது அக்கிரமமேயாகும். ஆனால் அந்த அக்கிரமத்துக்குப் பரிகாரம் சட்டத்தை மாற்றுவதா அல்லது நமது பெண்களை வருஷாவருஷம் பிரசவ வார்டுக்கு அனுப்புவதா? சட்டசபையில் வாதாடி வாங்க வேண்டியதைத் தாய்மார்களின் இடுப்பு வலியில் வாங்கலாம் என்று நினைப்பது நமக்குச் சரியாகத் தோன்றவில்லை.

நிற்க, ஜனங்கள் ஏன் பிள்ளைகளைக் குறைத்துக் கொண்டார்கள் என்பதைப் பார்ப்போம். சர்க்கார் 2020ஆம் வருஷத்துக்கு எடுத்த மாதிரிக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தைதான் பிறக்கிறது. இரண்டு பெற்றோருக்குப் பதில் இரண்டு பிள்ளைகூட இல்லை என்பது இதன் பொருள். நமது கன்னியாகுமரி ஜில்லாவோ படிப்பில் தமிழ்நாட்டுக்கே முதல் ஸ்தானம் வகிப்பது. 2011ஆம் வருஷத்து ஜனக் கணக்கில் இங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 91.75 பேர். ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். இந்தப் பெண்களுக்குக் கணக்குப் போடத் தெரியும். கணக்குப் போட்டுத்தான் ஒன்றோடும் இரண்டோடும் நிறுத்திக் கொண்டார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்றும், சுகபோகம் என்றும், மேல்நாட்டு நாகரிகம் என்றும் சொல்லுகிறவர்கள் அந்தக் கணக்கைத் தாங்களும் ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டாமா?

"எங்கள் பாட்டி பத்துப் பெற்றாள், வளர்க்கவில்லையா?" என்று சிலர் கேட்பதுண்டு. பெற்றாள், வாஸ்தவம். ஆனால் பத்தில் எத்தனை மிஞ்சிற்று? 1951ஆம் வருஷத்தை ஒட்டி இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 146 குழந்தைகள் ஒரு வயசு முடிவதற்குள் செத்துப் போயின. தமிழ்நாட்டில் 2020இல் அது 13ஆக இறங்கி விட்டது. சாகுமென்று பயந்து பெற்ற காலம் போய்விட்டது. இரண்டாவதாக, அந்தப் பத்துப் பிள்ளைகளையும் பாட்டியா வளர்த்தாள்? மூத்த பெண் பிள்ளை பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காமல் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தம்பி தங்கைகளை வளர்த்தாள். பையன் எட்டு வயசில் மாடு மேய்த்தான். பனையேறி வீட்டிலே பதனி சுமப்பதற்கும், கருப்புக்கட்டி காய்ச்ச விறகு பொறுக்குவதற்கும் பிள்ளைகளே கூலியில்லாத ஆட்கள். வயல் வீட்டிலே நாற்றுக்கும் களைக்கும் அவர்களே ஆட்கள். அதாவது அந்தக் காலத்துப் பிள்ளை வயிற்றுக்குச் செலவு வைத்தாலும் கைக்கு வரவு கொடுத்தது. இன்றைக்குப் பிள்ளையை வேலைக்கு அனுப்பக்கூடாது, படிக்க அனுப்ப வேண்டும் என்கிறோம். அது மிகவும் நல்ல காரியம். அதற்காகத்தான் எத்தனையோ பேர் பாடுபட்டார்கள். ஆனால் வரவாயிருந்த பிள்ளை செலவாக மாறிவிட்ட பிறகு, பாட்டி காலத்து எண்ணிக்கையை மாத்திரம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

இனி நேரக் கணக்கைப் பார்ப்போம். பணத்தையாவது கடன் வாங்கலாம். நேரத்தை எந்த வட்டிக்கடையில் வாங்குவது?

மார்த்தாண்டத்தையும் குழித்துறையையும் சுற்றி முந்திரி ஆலைகள் இருக்கின்றன. நம் ஊர்ப் பேச்சில் அண்டி ஆபீஸ் என்போம். அங்கே தோட்டை உடைத்து, அதன் எண்ணெயினால் விரல் வெந்து கறுத்துப் போகிறவர்கள் எல்லாம் பெண்களே. குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன் தோட்டத்துக்குள் இறங்கினால்தான் பால் வடியும். தோவாளையில் பூ வியாபாரம் கோழி கூவுமுன் ஆரம்பமாகி விடுகிறது. தூத்தூர், வள்ளவிளை முதலிய கடற்கரை ஊர்களின் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக் கணக்கில் கரை திரும்புவதில்லை. வளைகுடா தேசங்களுக்குப் போனவர்களோ இரண்டு வருஷத்துக்கொரு முறை வந்து பிள்ளையின் உயரத்தைச் சுவரில் அளந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அண்டி ஆபீசுக்குப் போகும் ஒரு பெண்ணின் நாளை எடுத்துக் கொள்வோம். இருபத்திநாலு மணியில் தூக்கம் ஏழு, வேலை, இடைவேளை எல்லாம் சேர்த்து ஒன்பது, போகவர ஒன்று, சமையல், தண்ணீர், துணி, பாத்திரம் இவைகளுக்குக் குறைந்தது மூன்று, குளிக்க, உண்ண, உடுக்க இரண்டு. ஆக இருபத்திரண்டு. மீதி இரண்டு மணி. வீட்டிலே இரண்டு பிள்ளைகள் இருந்தால் தலைக்கு ஒரு மணி. அதுவும் பிள்ளை விழித்திருந்தால்! இவளிடம் போய் மூன்றாவது பெறு, பதினாறு பெறு என்று சொல்லுகிறவர், தமது மேடைப் பேச்சில் ஒரு மணி நேரத்தையாவது அவளுக்குக் கடனாகக் கொடுப்பாரா?

"புருஷன் இருக்கிறானே, அவன் நேரம் எங்கே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கும் சர்க்காரே கணக்கு எடுத்திருக்கிறார்கள். 2019ஆம் வருஷத்தில் இந்தியா முழுவதும் எடுத்த நேரக் கணக்கில், வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவழித்தார்கள். ஆண்கள் 97 நிமிஷம். 2024இல் திரும்ப எடுத்த கணக்கில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. அதாவது ஐந்து வருஷத்து நாகரிக வளர்ச்சியில் பெண்ணுக்குப் பத்து நிமிஷம் ஓய்வு கிடைத்தது. அது கிடைத்ததே என்று சந்தோஷப்படுவதற்குள் ஆணும் ஒன்பது நிமிஷத்தைக் குறைத்துக் கொண்டு விட்டான். இதுவும், வேலையில் கொஞ்சமாவது கைவைத்த ஆண்களின் சராசரிதான். துடைப்பத்தைத் தொடவே தொடாத மகா புருஷர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. பெண்ணும் சம்பாதிக்க வேண்டும் என்று கலியாணத்தின்போது ஆசைப்படுகிற ஆண், சம்பாதித்து வந்தவளுக்கு ஒரு பானை சோறு வடித்து வைக்க வெட்கப்படுவானேயானால், அந்த வெட்கத்தின் விலையைப் பிள்ளைதான் கொடுக்கிறது.

அடுத்தது பணக் கணக்கு. இதில் இரண்டு தினுசு இருக்கிறது. ஒன்று பிள்ளைக்கு ஆகும் செலவு. மற்றொன்று பிள்ளையின் பேரால் ஆகும் செலவு. பால், சோறு, துணி, மருந்து, புஸ்தகம் ஆகியவை முதலாவது. இரண்டாவது என்னவென்றால், வளைகாப்பு, பேர் வைப்பு, ஜாதகம், மொட்டை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. கிறிஸ்தவ வீடானால் ஞானஸ்நான விருந்து, புதுநன்மை விருந்து. இவைகளுக்கு மேல் ஊர்க் கொடைக்குத் தலைக்கட்டு வரி. இவைகளில் எதனால் பிள்ளைக்கு ஒரு படி இரத்தம் ஊறிற்று? எந்தப் பிள்ளையாவது காதுகுத்து விருந்து போடச் சொல்லி அழுததா? ஊரார் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவுகிறார்கள். பெற்றவன் நகையை அடகு வைத்து வட்டி கழுவுகிறான்.

இவைகளுக்கெல்லாம் சிகரமாக நம் ஜில்லாவிலே ஸ்திரீதனம் என்கிற கொள்ளை இருக்கிறது. இந்துவென்றும் கிறிஸ்தவனென்றும் வேறு விஷயங்களில் சண்டை போட்டுக் கொள்ளுகிறவர்கள் இதில் மாத்திரம் ஒரே மதம். 1961ஆம் வருஷத்திலேயே வரதக்ஷணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நம் ஊர்க் கலியாணங்களில் பவுன் கணக்குப் பேசாத கலியாணத்தை விரல் விட்டு எண்ணலாம். 2025ஆம் வருஷத்தில் பவுன் விலை 80,000 ரூபாயைத் தாண்டிப் போயிற்று. அந்த விலைக்கே ஐம்பது பவுன் என்றால் நாற்பது லட்ச ரூபாய். பெண் பிறந்த அன்றே தகப்பன் சீட்டுக் கட்ட ஆரம்பிக்கிறான். அவளுக்கு முட்டை வாங்கிக் கொடுக்கவேண்டிய காசு சீட்டுக்குப் போகிறது. அவளோடு உட்கார்ந்து பாடம் சொல்லவேண்டிய நேரம் மிகை நேர வேலைக்குப் போகிறது. ஆகவே, யாரோ ஒருவன் வீட்டுக்குக் கொடுப்பதற்காகத் தன் பெண்ணிடமிருந்தே காசையும் நேரத்தையும் திருடி வைக்கிறான் என்றல்லவோ ஆகிறது? இந்தச் செலவை நிறுத்துவதற்கு எந்தச் சர்க்காரின் உத்தரவும் வேண்டியதில்லை. கொடுக்கமாட்டேன், வாங்கமாட்டேன் என்கிற இரண்டு வார்த்தைகள் போதும்.

பழைய புரோகிதன் ஒருபுறமிருக்க, இப்போது புதிய புரோகிதன் ஒருவன் கிளம்பி இருக்கிறான். பழையவன் பிறப்புக்கும் இறப்புக்கும் வாங்கினான்; புதியவன் மூன்று வயசிலிருந்து வாங்குகிறான். இங்கிலீஷ் பள்ளிக்கூடம், வேன், டியூஷன், பிறகு நீட் பரீட்சைக்குத் தனிப் பயிற்சி என்று அவனுடைய தட்சிணைப் பட்டியல் நீண்டு கொண்டே போகிறது. பெற்றோர்கள் இங்கிலீஷ் மோகத்தால் ஏமாந்து போகிறார்கள் என்று சொல்லுவது சுலபம். ஆனால் அது பாதி உண்மைதான். தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிற வீட்டில், காலை ஏழு மணிக்குப் பிள்ளையை வேனில் ஏற்றிச் சாயங்காலம் டியூஷன் வரையில் வைத்துக் கொள்ளுகிற இடம் ஒன்று வேண்டியிருக்கிறது. அவர்கள் காசு கொடுத்து வாங்குவது இங்கிலீஷ் மாத்திரமல்ல, நேரத்தையும்தான். பிள்ளையைப் பார்த்துக் கொள்ள நேரமில்லாததால் காசு கொடுக்கிறார்கள். அந்தக் காசுக்காக இன்னும் அதிக நேரம் உழைக்கிறார்கள். அதனால் இன்னும் நேரமில்லாமல் போகிறது. இது செக்கு மாட்டின் நடையேயல்லாமல் வேறென்ன?

இதற்கெல்லாம் "அவரவர் பெற்ற பிள்ளை, அவரவர் பாடு, அதுதான் இயற்கை, அதுதான் கடவுள் ஏற்பாடு" என்று சமாதானம் சொல்லுகிறவர்கள் நாஞ்சில் நாட்டில் பிறந்தவர்களாயிருந்தால் வாயை மூடிக் கொள்ளவேண்டும். ஏனென்றால் இந்த ஏற்பாடுகள் எல்லாம் மனிதன் செய்தவை, மனிதன் மாற்றியவை என்பதற்கு நம் மண்ணைப் போல வேறு சாட்சி கிடையாது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே தகப்பன் சொத்து மகனுக்கில்லை, மருமகனுக்கே என்றிருந்ததே. பெற்ற பிள்ளைகளும் பெண்டாட்டியும் உகந்துடைமை என்ற பேரால் ஒரு பங்குக்குக் கையேந்தி நின்றார்களே. அதையும் அன்றைக்குப் பெரியோர் வகுத்த வழி என்றுதான் சொன்னார்கள். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் அந்த முறையைப் பரிகசித்து மருமக்கள் வழி மான்மியம் எழுதினார்கள். 1926ஆம் வருஷத்தில் திருவாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. பிள்ளைகளுக்குச் சொத்துரிமை வந்தது. வானம் இடிந்து விழவில்லை. ஆகவே பிள்ளை வளர்ப்பது தாய் ஒருத்தியின் தலைவிதி என்கிற ஏற்பாடு மாத்திரம் மாற்ற முடியாததாக எப்படி இருக்க முடியும்?

இன்னும் கேளுங்கள். 1817ஆம் வருஷத்திலேயே திருவாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய், குடிகளின் படிப்புச் செலவு முழுவதையும் சர்க்காரே ஏற்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்தப் படிப்பு எல்லா ஜாதிக்கும் உடனே கிட்டிவிடவில்லை என்பதும், அதற்குப் பெரிய போராட்டங்கள் வேண்டியிருந்தன என்பதும் வேறு விஷயம். ஆனாலும் பிள்ளையின் செலவு ஊருக்கும் உரியது என்கிற கொள்கை நமக்குப் புதிதல்ல. 1920இல் சென்னை நகரசபையில் நீதிக்கட்சியார் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சோறு போட்டார்கள். 1956இல் நம் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே வருஷத்தில் காமராசர் அதை மாகாணம் முழுவதும் தொடங்கினார். அவரை 1969இல் நாகர்கோவில் தொகுதியார் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். 1982இல் அது சத்துணவாக விரிந்தது. 2022இல் காலைச் சோறும் சேர்ந்தது. காலையில் அடுப்பு மூட்ட நேரமில்லாத தாய்க்கு இது சோறு மாத்திரமல்ல, அரை மணி நேரமும் கொடுத்தது. இதுதான் வழி.

இந்த வழி ஏன் பாதியில் நிற்கிறது என்பதுதான் நமது கேள்வி. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில், பெண்கள் அதிகமாக வேலை செய்கிற இடத்தில் குழந்தைகளுக்குத் தொட்டில் அறை வேண்டும் என்று எழுதினார்கள். 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலும் எழுதினார்கள். 2017இல், ஐம்பது பேர் வேலை செய்கிற இடமானால் வேண்டும் என்றும், பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு என்றும் எழுதினார்கள். எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலு பெண்கள் வேலை செய்யும் துணிக்கடைக்கும், வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கும், கூலிக்குக் கல் சுமக்கிறவளுக்கும், வீட்டிலிருந்தே முந்திரி தோல் உரிக்கிறவளுக்கும் அந்த எழுத்தினால் என்ன லாபம்? தமிழ்நாட்டு சர்க்கார் உத்தியோகப் பெண்களுக்கு 2021முதல் ஒரு வருஷப் பிரசவ லீவு கிடைத்தது. நல்லது, சந்தோஷம். உத்தியோகஸ்தியின் குழந்தைக்கு ஒரு வருஷம் தாய் வேண்டும் என்றால், கூலிக்காரியின் குழந்தைக்கு ஒரு மாதம் போதுமா? பால்வாடிகள் தமிழ்நாட்டில் ஐம்பதினாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஆனால் அவை பூட்டுகிற நேரமும் ஆலை விடுகிற நேரமும் ஒன்றாயில்லை. கைக்குழந்தைக்கு அங்கே இடமும் இல்லை.

வெளிதேசங்களைப் பார்த்தாலும் இதே பாடம்தான். ருமேனியா தேசத்தில் 1966இல் ஜனத்தொகையைப் பெருக்கவேண்டும் என்று கருச்சிதைவையும் கர்ப்பத்தடையையும் சர்க்கார் தடுத்தது. ஒரு வருஷம் பிரசவங்கள் பெருகின, பிறகு குறைந்தன, 1989இல் அந்த ஆட்சி ஒழிந்தபோது அநாதை விடுதிகளில் சுமார் ஒரு லட்சம் குழந்தைகள் கிடந்தன. தென் கொரியாவில் சர்க்கார் பணத்தை வாரி இறைத்தும் 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தைதான். நீண்ட வேலை நேரமும், டியூஷன் செலவும், வீட்டு வேலை பெண்ணின் தலையிலேயே விழுவதும் அங்கேயும் மாறவில்லை. ஸ்வீடன் தேசமோ 1974லேயே பிள்ளை வளர்க்கும் லீவைத் தாய்க்கும் தகப்பனுக்கும் பொதுவாக்கிற்று. பின்னர் தகப்பன் எடுத்தாலொழியக் கிடையாத நாள்களையும் ஒதுக்கி வைத்தது. தகப்பன் தொட்டிலை ஆட்டினால் ஆண்மை போய்விடும் என்று அங்கே யாரும் சாகவில்லை.

ஆகவே நாம் சொல்லுவதெல்லாம் இதுதான். எத்தனை பிள்ளை என்பதும், பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்பதும் பெறுகிறவளுடைய சொந்த விஷயம். அதில் மந்திரிக்கும் வேலையில்லை, மடாதிபதிக்கும் வேலையில்லை, பாதிரிக்கும் வேலையில்லை, மாமியாருக்கும் வேலையில்லை. "புத்" என்கிற நரகத்திலிருந்து தப்பப் புத்திரன் வேண்டும் என்கிற புரட்டுக்கும் அதில் வேலையில்லை. பிறந்துவிட்ட பிள்ளைக்குத்தான் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. சர்க்கார் செய்யவேண்டியது: பால்வாடிகளை வேலை விடும் நேரம்வரை திறந்து வைப்பது, கைக்குழந்தைகளுக்கும் அங்கே இடம் செய்வது, கூலிக்காரிக்கும் சம்பளத்தோடு பிரசவ லீவு கிடைக்க வழி செய்வது, அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் சாயங்காலம் பிள்ளைகள் இருந்து படிக்கவும் விளையாடவும் ஆள் போடுவது. முதலாளி செய்யவேண்டியது: சட்டத்தில் எழுதிய தொட்டில் அறையைக் கட்டிடத்திலும் கட்டுவது.

நாம் செய்யவேண்டியது அதைவிடச் சுலபம். காதுகுத்து விருந்தை நிறுத்தி அந்தக் காசைத் தபாலாபீசில் பிள்ளை பேரில் போடுங்கள். பவுன் கேட்கிற வீட்டு வாசலை மிதிக்காதீர்கள். உங்கள் பையனுக்காகப் பவுன் கேட்கவும் கேட்காதீர்கள். மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு வீட்டுக்குப் போய்க் காப்பிக்குக் காத்திருக்கிற தோழர்கள், இன்று ராத்திரியே எழுந்து பாத்திரம் கழுவட்டும். அந்த 88 நிமிஷத்தை இரட்டிப்பாக்குவதற்கு எந்தப் பார்லிமெண்டிலும் மசோதா கொண்டுவர வேண்டியதில்லை. அப்புறம், இன்னொரு பிள்ளை வேண்டுமா என்று அவளையே கேட்கலாம். வேண்டாம் என்று அவள் சொன்னால், சரி என்று சொல்லிவிட்டு இருக்கிற பிள்ளையைத் தூக்கிக் கொள்ளுங்கள்.